உள்ளங்காலைக் காட்டு

மகாராணிக்குத் தன் கால்மேல் துளியும் அக்கறை இல்லை என்று நர்ஸ் முடிவு கட்டியிருந்தாள். வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் மேம்பாலத்தடியில் வந்து நிற்கும் மருத்துவ வேனில் அவள் காலுக்குப் புதுக் கட்டுப் போடுகிறாள். தண்ணீர் படக்கூடாது என்று வாய் வலிக்கச் சொல்லி அனுப்புகிறாள். அடுத்த முறை பிரித்துப் பார்த்தால், சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி உலர்ந்து மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே புண்மேல் வைத்த பஞ்சு மட்டும் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். இது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. மழையில் நனைந்தால்கூட வெளித்துணிதானே முதலில் நனைய வேண்டும்?

மகாராணி என்பது பாலத்தடி ஜனங்கள் வைத்த பெயர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு லாண்டரியில் இருபது வருடம் நின்றபடியே இஸ்திரி போட்டவள். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போய், வேலை மெதுவானதும் லாண்டரிக்காரர் அவளுக்கு விடை கொடுத்தார். அண்ணன் வீட்டில் போய் ஒதுங்கினாள். இரண்டே மாதத்தில் அண்ணியும் விடை கொடுத்தாள். எல்லாம் போன பிறகும் அதிகாரம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. வேனின் படியில் கால் வைக்கும்போதே, "டிரைவரே, அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு" என்பாள். வரிசையில் இடிப்பவர்களை ஒரு பார்வையில் பின்னுக்குத் தள்ளுவாள். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான நர்ஸை, மனசு குளிர்ந்திருந்தால் "தங்கச்சி" என்பாள். திட்டு வாங்கினால் அன்றைக்கு "நர்சம்மா". இந்த மாதம் முழுக்க நர்சம்மாதான்.

புண் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மிதிபடுகிற மேட்டில் இருந்தது. உணர்ச்சி செத்த கால் என்பதால் வலி கிடையாது. வலித்தாலாவது பயம் வரும், பயம் வந்தாலாவது சொன்ன பேச்சைக் கேட்பாள் என்று நர்ஸ் பலமுறை நினைத்திருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை டாக்டர் வந்திருந்தார். மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டும் மகாராணி ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலும்புக்குக் கிட்டப் போயிடுச்சு" என்றார் டாக்டர். "தினமும் நனைக்கறீங்களாம்மா? இப்படியே இன்னும் ரெண்டு மூணு வாரம் ஈரத்துல இருந்துச்சுன்னா விரலோட நிக்காது. பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்."

"வேர்க்குது டாக்டர். வேர்வையை நான் என்ன பண்றது?"

"வேர்வையா? ஒரு டம்ளர் தண்ணி வேர்க்குமாக்கா உங்களுக்கு?" நர்ஸுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. "நானும் ஒரு மாசமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன். கட்டை அவிழ்க்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? நான் ஒட்டற பிளாஸ்டர் எனக்குத் தெரியாதா? நீங்க அவிழ்த்து மறுபடி கட்டறீங்க. குழந்தையா நீங்க?"

மகாராணி எழுந்து செருப்பை மாட்டினாள். "திட்டு முடிஞ்சுதா நர்சம்மா? நான் கெளம்பறேன்" என்றவள், படியிறங்கும்போது டிரைவரிடம் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கோபத்தில் மாத்திரைப் பையை மறந்துவிட்டாள். சாயங்காலம் வேனைக் கழுவும்போது இருக்கைக்கடியில் அது கிடந்தது. சர்க்கரை மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் ஓட்டினால் புண்ணைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

"போற வழியில கொஞ்சம் அந்தக்கா படுக்கற காப்பகத்துப் பக்கம் விடுங்கண்ணே" என்றாள் நர்ஸ் டிரைவரிடம்.

"காலைல அந்தத் திட்டு திட்டினீங்க, இப்ப மாத்திரை தூக்கிட்டு ஓடறீங்க. நல்லாயிருக்கு சிஸ்டர் உங்க கோவம்" என்று சிரித்துக்கொண்டே அவர் வண்டியைத் திருப்பினார்.

பெண்களுக்கான இரவுக் காப்பகம் அந்தப் பகுதியில் அது ஒன்றுதான். சாயங்காலம் ஆறுக்குத் திறந்து காலையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டுவார்கள். உள்ளே நீளமான ஒரு கூடம், வரிசையாகக் கட்டில்கள், பூட்டக்கூடிய கதவு. பூட்டக்கூடிய கதவுதான் அங்கே பெரிய விஷயம். வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு குழாய் இருக்கும். தெருவெல்லாம் மிதித்த காலோடு யாரும் கூடத்தில் ஏறக்கூடாது. வாட்ச்மேன் பார்க்கக் கால் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். சுத்தத்துக்காகப் போட்ட விதி. அதில் தப்பு சொல்ல யாருக்கும் மனசு வராது.

காப்பகத்தின் பக்கச் சுவரை ஒட்டித் தள்ளுவண்டிகள் சாத்தியிருந்தன. அவற்றின் மறைவில், மூடிய கடை ஒன்றின் படியில் மகாராணி உட்கார்ந்திருந்தாள். வலது காலை மடிமேல் தூக்கிப் போட்டு, காலையில் நர்ஸ் சுற்றிய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. பிரிக்கப் பிரிக்கத் துணியை உள்ளங்கையில் வைத்து நீவி, ஓரம் ஓரத்தோடு சேர மடித்தாள். இஸ்திரி போட்ட கைக்கு வேறு மாதிரி மடிக்கத் தெரியாது. பஞ்சைத் தனியாக எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ரவிக்கைக்குள் செருகினாள்.

நர்ஸ் ஓட்டமாகப் போய் முன்னால் நின்றாள். "என்னக்கா பண்றீங்க?"

மகாராணி திடுக்கிடவெல்லாம் இல்லை. "கண்ணு தெரியலையா? கட்டை அவிழ்க்கறேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

"கத்தாத. கட்டோட போனா வாட்ச்மேன் உள்ள விடமாட்டான். புண்ணு இருக்கறவங்களுக்கு இங்க இடம் கிடையாதாம்."

"கட்டை அவிழ்த்துட்டா புண்ணு இல்லாம போயிடுமா?"

"புண்ணு அடியில இருக்கு. நிக்கறப்ப யாருக்குத் தெரியும்? கட்டுதானே வெளிய தெரியுது. அவிழ்த்துட்டு வர்றேன், குழாயில காலைக் கழுவறேன், உள்ள போறேன். காலைல வெளிய வந்ததும் அதே பஞ்சை வச்சு அதே துணியைச் சுத்திக்கறேன். நீ வர்ற வரைக்கும்."

நர்ஸுக்கு ஒரு மாதமாகப் புரியாத விஷயம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. நனைந்த புண் ராத்திரியெல்லாம் கசிந்து, காலையில் வைக்கிற பஞ்சை ஊறவைத்திருக்கிறது; உலர்ந்த துணியும் ஊறிய பஞ்சும் அப்படித்தான் வந்தன. திறந்த புண், ஊரார் கால் கழுவுகிற குழாயடியில், தினமும். மருந்து வைத்துச் சுத்தமாகக் கட்டிய கால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கட்டு இல்லாமல் சீழ் வடியும் கால் தாராளமாக உள்ளே போகலாம். இந்த லட்சணத்தில்தான் இவர்கள் காப்பகம் நடத்துகிறார்கள், நர்ஸ் வேனில் கட்டுப் போடுகிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா? எவ்வளவு திட்டினேன் உங்கள!"

"திட்டு வாங்கினா என்ன, தேஞ்சா போயிடுவேன்? சொன்னா நீ போய் அங்க நியாயம் கேப்ப. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நீ நியாயம் கேட்டா என் கட்டில் போயிடும்."

"கால் போயிடும்க்கா!"

"போனா ஒரு காலு போகும்." அவள் குரல் முதல் முறையாகத் தணிந்தது. "நீ ஒரு நாளாவது வெளிய படுத்திருக்கியா? நான் மூணு மாசம் படுத்திருக்கேன். அந்த மூணு மாசத்தைப் பத்தி என்னை எதுவும் கேக்காத. கண்ணை மூடினா எந்தப் பக்கத்துலேருந்து எவன் கை வரும்னு தெரியாது. இங்க கதவைப் பூட்டறாங்க. எனக்கு அது போதும்."

மகாராணியே தொடர்ந்தாள். "அந்த ரூலைப் போட்டது யாரு தெரியுமா? நீங்கதானாம். வேன் நர்ஸ் சொல்லித்தான் போட்டோம்னு வாட்ச்மேன் சொல்றான்."

"நானா?"

"நீயோ, உன்ன மாதிரி இன்னொருத்தியோ. எனக்கென்ன? நீ வாயைத் திறக்காம இரு. அது போதும். சரியா?"

"சரிக்கா" என்று மாத்திரைப் பையை அவள் மடியில் வைத்தாள் நர்ஸ். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னாள்.

ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது. போன வருடம், காப்பகத்துக்காரர்களும் வேன் ஆட்களும் அதிகாரிகளும் உட்கார்ந்த கூட்டம். அதற்குச் சில நாள் முன்புதான் காப்பகத்தில் ஒருத்தி முதுகுப் புண்ணோடு வாரக்கணக்கில் படுத்திருந்து, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நர்ஸ் கொதித்துப்போய் எழுந்து நின்று பேசினாள். "புண்ணோட வர்றவங்கள அப்படியே உள்ள விட்டுடாதீங்க. மொதல்ல எங்க வேனுக்கு அனுப்புங்க. நாங்க மருந்து போட்டு, கட்டுக் கட்டித் திருப்பி அனுப்பறோம்." எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது ஆட்டிய தலைகளில் முதல் வாக்கியம் மட்டும் தங்கி, மீதி இரண்டும் உதிர்ந்துவிட்டன போலிருக்கிறது.

தான் சொன்னதுதான் இது, பாதியை விட்டுவிட்டார்கள், மீதியைத் தானே போய்ச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. இதற்கு நியாயம் கேட்பது என்று பேரே கிடையாது, ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான். படித்தவர்களுக்கும் நல்லவர்களுக்கும் வருகிற நம்பிக்கை இது, எடுத்துச் சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பது. மகாராணிக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. நர்ஸுக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் மதியம் காப்பகத்தின் மேலாளரைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. இருபத்துநாலு கட்டில்களை வைத்துக்கொண்டு அறுபது பேருக்குப் பதில் சொல்கிறவள். இடுப்பில் சாவிக்கொத்து, மேசைமேல் ஆறிப்போன டீ.

"வாங்க சிஸ்டர். நீங்க சொன்ன ரூலை அட்சரம் பிசகாம ஃபாலோ பண்றோம்" என்று அவளே பெருமையாக ஆரம்பித்தாள்.

"அதைப் பத்திதான் மேடம். நான் சொன்னது அப்படி இல்லை. கட்டுப் போட்டவங்கள நீங்க உள்ள விடலாம். விடணும். கட்டிருந்தா பயமே இல்லை."

"அது எப்படிங்க? ஒருத்தரை விட்டா எல்லாரும் கட்டோட வந்து நிப்பாங்க. பக்கத்துக் கட்டில்காரி ஒட்டிக்கும்னு சண்டைக்கு வருவா. எனக்கு அந்தத் தலைவலி வேணாம்."

"ஒட்டாது மேடம். அது சர்க்கரைப் புண்ணு."

"எனக்கும் உங்களுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியுமா? கூட்டத்துல முடிவு பண்ணது. மாத்தணும்னா கூட்டத்துலதான் மாத்தணும். அடுத்த கூட்டத்துல நீங்களே சொல்லுங்க, நான் ஆதரிக்கறேன்."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"அடுத்த மாசம். தள்ளிப்போகாம இருந்தா."

அடுத்த மாதத்துக்குள் பாதம் போய்விடும். நர்ஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நீங்க விடலைன்னா மட்டும் புண்ணு உள்ள வராம இருக்கா? தினமும் ராத்திரி வருது மேடம்! கட்டை வெளியவே அவிழ்த்துட்டு, திறந்த புண்ணோட உங்க குழாயில காலைக் கழுவிட்டு, உங்க கட்டில்லதான் படுக்கறாங்க. அதுக்குக் கட்டோட படுக்கறது எவ்வளவோ மேல் இல்லையா?"

வாதம் நன்றாகத்தான் இருந்தது. எந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தாலும் கைதட்டல் வாங்கியிருக்கும். மேலாளர் டீயைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரு?"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பொதுவாச் சொன்னேன்."

"உள்ளங்கால்லயா? அதான் நிக்கறப்ப தெரியலை." அந்த அம்மாள் பெயர் கேட்கவில்லை. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வாட்ச்மேன் வந்து நின்றான். "இன்னிலேருந்து கால் கழுவறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் உள்ளங்காலையும் டார்ச் அடிச்சுப் பாரு. புண்ணு இருந்தா திருப்பி அனுப்பிடு." பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, உண்மையான நன்றியோடு சொன்னாள்: "நல்ல வேளை சொன்னீங்க சிஸ்டர். எங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டிருந்திருக்காங்க."

அதற்கப்புறம் நர்ஸ் கெஞ்சினாள், கத்தினாள், நான் சொன்னதை மறந்துடுங்க என்றாள். சொன்னதை எப்படி மறக்க முடியும் என்று கேட்டாள் மேலாளர். அதுவும் சரியான கேள்விதான்.

சாயங்காலம் நர்ஸ் அங்கேயே நின்றாள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். "உள்ளங்காலைக் காட்டு" என்றான் வாட்ச்மேன் ஒவ்வொருத்தியிடமும். சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளைப் பிடித்துக்கொண்டு, வயசானவர்கள் தள்ளாடிக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினார்கள். குதிகாலில் வெடித்துச் சீழ் பிடித்த ஒருத்தியை முதலில் நிறுத்தினான். ஆணி குத்திய ஒருத்தியை நிறுத்தினான். இவர்கள் இரண்டு பேரும் வேனுக்கு வந்ததே இல்லை. ஏன் வரவில்லை என்று நர்ஸுக்கு இப்போது தெரிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டால் கட்டில் போய்விடும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மகாராணியின் முறை வந்தது. அவள் காலைத் தூக்கவில்லை. டார்ச்சைப் பார்த்தாள், வாட்ச்மேனைப் பார்த்தாள், பிறகு தூரத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தாள். அப்படியே திரும்பி நடந்து அவள் அருகில் வந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள்.

"அக்கா, நல்லதுக்குன்னு நெனச்சு..."

மகாராணி நிற்கவில்லை. பஸ் நிலையம் இருக்கும் பக்கமாகப் போனாள், வலது காலைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து.

அந்த வாரம் வேன் இல்லாத நேரமெல்லாம் நர்ஸ் போனும் கையுமாக இருந்தாள். இன்னொரு காப்பகம் குடும்பங்களுக்கு மட்டுமாம். மற்றொன்றில் மனநல டாக்டர் அனுப்பினால்தான் எடுப்பார்களாம். ஆஸ்பத்திரியில் நேரில் போய் நின்றாள். அட்மிட் பண்ணுமளவுக்கு இல்லை, தினமும் கட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார்கள். வீடு இல்லை என்றாள். அப்படியானால் காப்பகத்தில் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார்கள். புண் இருந்தால் காப்பகத்தில் எடுக்க மாட்டார்கள் என்றாள். புண் ஆறிய பிறகு எடுப்பார்களே என்று ஆறுதல் சொன்னார்கள். சிரிப்பதா, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியாமல் வெளியே வந்தாள். தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதைப் பற்றி அவள் நினைக்காமல் இல்லை. இரண்டு அறை வீடு. ஒன்றில் எழுந்திருக்க முடியாத மாமியார், இன்னொன்றில் கணவனும் இரண்டு பிள்ளைகளும் அவளும். கணவனிடம் பேச்சைக்கூட எடுத்தாள். "நம்ம எங்க படுக்கறது?" என்று அவன் கேட்டான். இடம் இருந்திருந்தாலும் கூட்டி வந்திருப்போமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வேனுக்கு இனி வரமாட்டாள் என்று பயந்தாள். ஆனால் மகாராணி வந்தாள். திங்கள், புதன், வெள்ளி தவறாமல் வந்தாள். ஃபேனைத் திருப்பச் சொல்லவில்லை. வரிசையில் இடித்தவர்களைக் கண்டுகொள்ளவில்லை. தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை, நர்சம்மா என்றும் கூப்பிடவில்லை. காலை நீட்டிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

"ராத்திரியெல்லாம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல முழிச்சு உக்காந்திருக்காங்க சிஸ்டர்" என்றார் டிரைவர் தணிந்த குரலில். "காலைத் தூக்கிப் பைமேல வச்சுக்கிட்டு. தூங்கினா பையைத் தூக்கிடறானுங்க, இல்லைன்னா வந்து ஒட்டி உக்காந்துக்கறானுங்க. நான் ரெண்டு நாள் போய்ப் பாத்தேன். நான் இருந்தா மட்டும் கொஞ்சம் கண்ணசர்றாங்க."

கொடுமை என்னவென்றால், புண் ஆற ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க நடக்காமல், மிதிக்காமல், நனையாமல் காலைத் தூக்கி வைத்திருந்தால் எந்தப் புண்தான் ஆறாது? நர்ஸ் ஒரு மாதமாகத் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் இப்போது நடந்தது. ஒவ்வொரு முறையும் பஞ்சு உலர்ந்து வந்தது. குழி மேடாகி, சிவந்த சதை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை.

அடுத்த மாதம் கூட்டமும் நடந்தது. மேலாளர் எழுந்து, வேன் நர்ஸின் விழிப்பான தகவலால் மூன்று புண் கேஸ்களை வாசலிலேயே கண்டுபிடித்தோம் என்றாள். கைதட்டினார்கள். நர்ஸ் எழுந்து, அந்த மூன்று பேரும் இப்போது எங்கே படுக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். கட்டோடு வருபவர்களை உள்ளே விட வேண்டும் என்று தான் சொன்னதை வாக்கியம் வாக்கியமாகத் திருப்பிச் சொன்னாள். அருமையான யோசனை, இதைப் பரிசீலிக்க ஒரு சின்னக் குழு போடலாம் என்றார் பெரிய அதிகாரி. குழுவில் அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மறு திங்கட்கிழமை டாக்டர் வந்தார். மகாராணி தலை வரை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு படியேறினாள். கையில் பை இல்லை. டாக்டர் கட்டைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! மூடிடுச்சே! நான் எதிர்பார்க்கவே இல்லை. கால் தப்பிச்சதும்மா. இப்படிச் சொன்னபடி கேட்டிருந்தா அப்பவே ஆறியிருக்கும்." போனை எடுத்துக் காலைப் படம் பிடித்துக்கொண்டார். "புதுத் தோல் ரொம்ப மெல்லிசு. இன்னும் ரெண்டு வாரம் கட்டோடயே இருக்கட்டும். தண்ணி படக்கூடாது, வெறுங்கால்ல மிதிக்கக் கூடாது. மிதிச்சா மறுபடி பிளந்துக்கும். அப்புறம் நான் பொறுப்பில்லை." அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

நர்ஸ் புதுத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அப்போதுதான் முந்தானைக்குக் கீழே மகாராணியின் தாடையைப் பார்த்தாள். ஒரு பக்கம் வீங்கி நீலமாகியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"விழுந்துட்டேன்."

முந்தானையை விலக்கினாள். மேல் கையில் நான்கு விரல் பதிந்த தடம் இருந்தது. ரவிக்கையின் தோள் கிழிந்து, ஊக்கு குத்தியிருந்தது.

"அக்கா..."

"விழுந்துட்டேன்னு சொன்னேன்ல?" மகாராணி அவள் கையிலிருந்த துணிச்சுருளைப் பார்த்தாள். "அதை எடுத்து உள்ள வை. எனக்குக் கட்டு வேணாம்."

"இன்னும் ரெண்டே வாரம்க்கா. இவ்வளவு தூரம் வந்தாச்சு. இப்ப விட்டா எல்லாம் வீணாயிடும். டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"டாக்டரு ராத்திரி எங்க படுக்கறாரு?"

நர்ஸ் துணியைப் பிடித்தபடியே இருந்தாள். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. துணிச்சுருளைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"சாயங்காலம் நானும் வரேன்" என்றாள்.

ஆறு மணிக்கு இரண்டு பேரும் காப்பகத்து வாசலில் நின்றார்கள். வாட்ச்மேன் நர்ஸைப் பார்த்ததும் வணக்கம் சொன்னான். பிறகு மகாராணியிடம், "உள்ளங்காலைக் காட்டு" என்றான்.

மகாராணி நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். டார்ச் வெளிச்சம் உள்ளங்காலில் விழுந்தது. வெங்காயத் தோல் போல மினுமினுத்துக்கொண்டு சிவப்பாக ஒரு வட்டம்.

"இது என்ன சிஸ்டர்? புண்ணு மாதிரி இருக்கே."

"தழும்பு" என்றாள் நர்ஸ். "பழைய தழும்பு. நல்லா ஆறிடுச்சு."

"கழுவலாம்ல? கட்டாயம் கழுவணும், தெரியும்ல? அப்புறம் உள்ள போய் ரத்தம் வந்தா என் வேலை போயிடும்."

"ஒண்ணும் ஆகாது. நான் நர்ஸ்தானே, எனக்குத் தெரியாதா?"

அவன் டார்ச்சை அணைத்து வழிவிட்டான். மகாராணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் வெறுங்காலை ஊன்றிக் குழாயடிக்குப் போனாள். தண்ணீரைத் திறந்து, இடது காலைத் தேய்த்துக் கழுவினாள். வலது காலை விரல் நுனியால் லேசாகத் தொட்டுவிட்டு எடுத்தாள்.

வாட்ச்மேன் மறுபடி எட்டிப் பார்த்தான். "அந்தக் காலை ஏன் தேய்க்க மாட்டேங்குது அந்தம்மா?"

மகாராணி நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தாள். வாட்ச்மேனும் நர்ஸைப் பார்த்தான்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டுப் போங்கக்கா" என்றாள் நர்ஸ்.